ஐதரசன் கார் பக்கத்தில் நின்றால் பயப்பட வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, நோர்வேயிலும் ஜேர்மனியிலும் ஐதரசன் நிரப்பி ஓடும் கார்கள் இருக்கின்றன, அவற்றின் பாதுகாப்பைக் கார் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆராய்கின்றன என்று நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், "அது வெடிக்காதா?" ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துவிட்டு இந்த முறை ஐதரசன் மட்டும்.

எங்கள் அண்ணாவின் மகன் ஒஸ்லோவில் இருக்கிறான். ஐதரசன் கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னதில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. ஐதரசன் குண்டு என்றுதானே நாங்கள் படித்தோம்? குண்டின் மேல் உட்கார்ந்து போவதா?
ஒரு மாமி, வெள்ளவத்தை

மாமி, முதலில் அந்தக் குண்டை ஒதுக்கி வையுங்கள். ஐதரசன் குண்டு அணுக்கரு இணைவில் வேலை செய்வது. அதைப் பற்றவைக்கவே ஓர் அணுகுண்டு வேண்டும். காரில் இருப்பது சாதாரண ஐதரசன் வாயு, அது ஒட்சிசனோடு சேர்ந்து தண்ணீராகிறது, அவ்வளவுதான். பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

இன்னும் பலர் ஹிண்டன்பேர்க் வான்கப்பலைக் கேட்டிருக்கிறார்கள். 1937 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்தது, கப்பலில் இருந்த 97 பேரில் 35 பேரும் தரையில் நின்ற ஒருவரும் இறந்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆனால் அதில் இருந்தது ஏறக்குறைய இரண்டு இலட்சம் கன மீற்றர் ஐதரசன், அதுவும் பைகளில். காரில் இருப்பது 5 அல்லது 6 கிலோ, காபன் நார் சுற்றிய தடித்த தாங்கியில்.

அதற்காக ஐதரசன் சாது என்று நான் சொல்லப் போவதில்லை. காற்றில் 4 வீதத்தில் இருந்து 75 வீதம் வரை கலந்திருந்தால் அது பற்றும். எங்கள் சமையல் காஸ் இரண்டு வீதத்திலேயே பற்றிவிடும் என்றாலும் பத்து வீதத்துக்கு மேல் போனால் பற்றாது, ஐதரசனுக்கு அந்த எல்லை மிக அகலம். பற்றுவதற்குத் தேவையான பொறியும் பெற்றோல் ஆவிக்கு வேண்டியதில் பத்தில் ஒரு பங்குதான். சட்டையைக் கழற்றும்போது படபடவென்று வருகிற அந்த மின்பொறியே போதும்.

மற்றப் பக்கமும் இருக்கிறது. காற்றை விட 14 மடங்கு லேசு. காஸ் கசிந்தால் தரையில் படுக்கும், கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொள்ளும். ஐதரசன் மேலே பாயும். வெட்டவெளியில் கசிந்தால் நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடும். மேலே போக வழி இல்லாத இடத்தில் கசிந்தால், அங்கேதான் பிரச்சினை தொடங்குகிறது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மிச்சக் கேள்விகள் எல்லாம் விளங்கும்: ஐதரசன் ஆபத்தானதா என்று கேட்பதை விட, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

உங்கள் மருமகன் இருக்கும் ஒஸ்லோவுக்குப் பக்கத்திலேயே ஒரு விபத்து நடந்தது. 2019 ஜூன் 10, சண்ட்விகா என்ற இடத்தில் ஐதரசன் நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தது. யாரும் இறக்கவில்லை. அருகே போன காரில் அதிர்வால் காற்றுப் பை விரிந்து இருவருக்குக் காயம். காரணத்தை அந்த மாதம் முடிவதற்குள் கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள்: உயர் அமுக்கத் தாங்கியின் மூடியில் இருந்த ஆணிகளைச் சரியாக முறுக்கவில்லை. பொருத்தியவர் செய்த பிழை, அவ்வளவு சின்ன விஷயம். அந்த வகை நிலையங்கள் மற்ற இடங்களிலும் மூடப்பட்டு, ஆணிகள் சோதிக்கப்பட்டன. டொயோட்டாவும் ஹியுண்டாயும் நோர்வேயில் இந்தக் கார்களின் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தன. மருமகனிடம் காரைப் பற்றிப் பயப்படாமல், எங்கே நிரப்புகிறான், எங்கே நிறுத்துகிறான் என்று கேளுங்கள்.

ஐரோப்பாவில் கார் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஐதரசன் பாதுகாப்பு ஆராய்ச்சி செய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். ஒருவருக்கொருவர் போட்டியாக இருப்பவர்கள் ஏன் ஒரே மேசையில் உட்கார வேண்டும்? உண்மையில் ஏதாவது பகிர்கிறார்களா, இல்லை படம் எடுத்துக்கொண்டு போகிறார்களா?
ஒரு பொறியியல் மாணவர், மொறட்டுவை

தம்பி, நல்ல கேள்வி, இதைத்தான் விரிவாக எழுத ஆசை.

யோசித்துப் பாருங்கள். ஒரு கம்பனி நல்ல இயந்திரம் செய்தால் இலாபம் அதற்கு மட்டும். ஆனால் ஒரு கம்பனியின் ஐதரசன் கார் நடுத்தெருவில் வெடித்தால் நட்டம் எல்லோருக்கும். அடுத்த நாள் காலை எந்த நகரசபையும் எந்தக் கம்பனிக்கும் அனுமதி தராது. ஆகவே எரிகலத்தின் (ஐதரசனை மின்சாரமாக்கும் கருவி) இரகசியத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாலும், தாங்கி எப்படி உடைந்தது, வால்வு எங்கே பிழைத்தது என்பதைச் சொல்லியே ஆகவேண்டிய நிலை. பெருந்தன்மை இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. தேவை இருந்தது என்பது நிச்சயம்.

இன்னொரு காரணம் சட்டம். 1990களின் கடைசியில் ஒருவர் ஐதரசன் காரைச் செய்தாலும் அதை ஐரோப்பிய வீதியில் இறக்க ஒரே விதி கிடையாது. ஜேர்மனியில் ஒன்று கேட்பார்கள், சுவீடனில் இன்னொன்று. 1998இல் ஒருங்கிணைந்த ஐரோப்பிய ஐதரசன் திட்டம் என்று ஒன்று தொடங்கினார்கள். வாகனக் கம்பனிகள், வாயுக் கம்பனிகள், ஆய்வு நிலையங்கள் எல்லாம் சேர்ந்து விதிகளின் வரைவை எழுதி ஜெனீவாவில் உள்ள ஐநா பொருளாதார ஆணைக்குழுவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்துதான் கதை நகர்ந்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் ஐதரசன் வாகனங்களுக்கென்றே ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தது, 2013இல் ஐநாவின் உலகப் பொது விதி வந்தது. முதல் வரைவில் இருந்து உலக விதி வரை ஏறக்குறைய பதினைந்து வருடம். வரைவு எழுதிய இளைஞர்களுக்குத் தலை நரைத்திருக்கும்.

இடையில் 2004இல் ஹைசேஃப் என்ற வலைப்பின்னல் உருவானது. ஐரோப்பிய ஆணைக்குழுவின் பணம், ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ ஆய்வு மையத்தின் தலைமை, இருபதுக்கும் மேற்பட்ட பங்காளிகள். பிஎம்டபிள்யூவும் வொல்வோவும் ஒரு பக்கம், வாயு விற்கும் ஏர் லிக்கீட் ஒரு பக்கம், பீசா, அல்ஸ்டர், வோர்சோ பல்கலைக்கழகங்கள் ஒரு பக்கம். இவர்கள் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று: ஐதரசன் விபத்துகளை எல்லாம் ஒரே இடத்தில் பதியும் தரவுத்தளம். ஐரோப்பிய ஆணைக்குழுவின் கூட்டு ஆய்வு மையம் அதை இன்றைக்கும் நடத்துகிறது. எங்கே கசிந்தது, எப்படிப் பற்றியது, யார் என்ன பிழை விட்டார், எதைப் படித்தோம். பொதுவாகக் கம்பனிகள் வெற்றியைத்தான் அச்சடிக்கும். தோல்வியைக் கோவையில் போட்டுப் பூட்டிவிடும். இங்கே தோல்வியை எழுதி வைக்கிறார்கள்.

2005இல் பீசாவில் ஐதரசன் பாதுகாப்புக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தது, அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடந்துவருகிறது. ஐரோப்பியப் பணம் முடிந்தபிறகும் கலைந்துபோகாமல் 2009இல் ஒரு சர்வதேசச் சங்கமாகப் பதிந்துகொண்டார்கள். 2008இல் இருந்து கைத்தொழிலும் ஆணைக்குழுவும் பணத்தைச் சேர்த்துப் போடும் கூட்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது, 2021இல் இருந்து அதன் பெயர் தூய ஐதரசன் கூட்டுமுயற்சி. ஒன்றியம் தொடக்கத்தில் ஒதுக்கியது 100 கோடி யூரோ, தனியார் குறைந்தது அதே அளவு போடவேண்டும்.

படம் எடுத்துக்கொள்கிறார்களா என்றால், எடுப்பார்கள். ஆனால் படத்தோடு ஒரு விதியும் வந்திருக்கிறது, அது சட்டமாகியும் இருக்கிறது.

இதை எழுதும்போது எனக்கு 2021 நவம்பர், டிசம்பர்தான் ஞாபகம் வருகிறது. எங்கள் நாட்டில் வீட்டுக்கு வீடு காஸ் அடுப்பு வெடித்துக்கொண்டிருந்த நாட்கள். நான் சிலிண்டரைப் பல்கனிக்கு இழுத்துப்போய் வைத்துவிட்டு, ரெகுலேற்றர் மூட்டில் சவர்க்கார நுரையைப் பூசி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தேநீர் வைப்பதற்கு முதல் ஒருமுறை, வைத்த பிறகு ஒருமுறை. எத்தனை வீட்டில் என்ன நடந்தது, எந்த மூட்டு விட்டது, கலவையில் என்ன மாறியது என்று ஒரு சாதாரண மனிதன் போய்ப் பார்க்க ஒரு பதிவேடு அப்போது இருந்ததா? பக்கத்து வீட்டார் சொல்வதும் வாட்ஸ்அப்பில் வருவதும்தான் எங்கள் தரவுத்தளம். குழு அமைத்தார்கள், அறிக்கை வந்தது, எல்லாம் பலர் காயப்பட்ட பிறகு. ஐரோப்பியர்கள் கார் வருவதற்குப் பத்து வருடத்துக்கு முன்பே உட்கார்ந்தார்கள் என்பதை நான் சும்மா புகழ்வதற்காகச் சொல்லவில்லை.

எங்கள் மாடிக்கட்டிடத்தில் 48 வீடு, கீழ்த்தளத்தில் வாகனத் தரிப்பிடம். மின்சாரக் காருக்கே சிலர் எதிர்ப்புத் தெரிவிக்கிறார்கள். நாளைக்கு யாராவது ஐதரசன் காரோடு வந்தால் என்ன சொல்வது?
நிர்வாகக் குழுச் செயலாளர், பம்பலப்பிட்டி

ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்தத் துறையின் நடுக் கேள்வி. கட்டிடத்துக்குள் வந்தால் என்ன ஆகும்?

முதலில் மெல்லிய கசிவு. தாங்கியின் உட்சுவர் பிளாஸ்டிக், அதன் வழியாக ஐதரசன் மிகமிகச் சிறிதளவு எப்போதும் ஊறி வெளியேறும். அதைத் தடுக்க முடியாது, அளவுதான் குறைக்கலாம். காற்றோட்டம் குறைந்த ஒரு வீட்டுக் கராஜில் கார் நாட்கணக்கில் நின்றாலும் ஐதரசன் ஒரு வீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது பற்றும் எல்லையில் கால்வாசிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொண்டு, எவ்வளவு ஊறலாம் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள். ஹைசேஃப் குழுவும் வாகனக் கம்பனிக்காரரும் சேர்ந்து செய்த வேலை இது. ஆகவே சும்மா நிற்கிற கார் உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

(2006இல் பிஎம்டபிள்யூ நூறு கார் செய்து கொடுத்தது, மைனஸ் 253 பாகையில் திரவ ஐதரசன் நிரப்பியது. அது நின்றால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகத் தொடங்கி வெளியே விடும். மூடிய கராஜில் நிறுத்தவே வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இன்றைய கார்களில் இருப்பது திரவம் அல்ல, அமுக்கிய வாயு.)

பிரச்சினை, பக்கத்துக் கார் தீப்பிடித்தால். ஐதரசன் தாங்கி சூடேறினால் வெடிக்காமல் இருக்க ஒரு பாதுகாப்பு வால்வு வைத்திருக்கிறார்கள், அது ஏறக்குறைய 110 பாகையில் திறந்து முழு வாயுவையும் வெளியே பாய்ச்சிவிடும். வெட்டவெளியில் இது மிகச் சரியான வேலை. பாய்கிற வாயு பற்றினாலும் சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு காருக்கான கராஜ், 30 கன மீற்றர், காற்றுப் போக ஒரு செங்கல் அளவு துவாரம். அன்றைய பெரிய வால்வு திறந்து ஐதரசன் முழு வேகத்தில் பாய்கிறது, ஆனால் தீயே பற்றவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன ஆகும்?

சுவர் உடைந்துவிடும். தீயே இல்லாமல், ஓரிரு விநாடிக்குள். உள்ளே வருகிற ஐதரசன் எடை குறைவு, ஆனால் கொள்ளளவு மிகப் பெரிது; வெளியே போகவேண்டியது கனத்த காற்று, அது அந்தச் சின்னத் துவாரத்தால் மெதுவாகத்தான் போகும். நெரிசலான பஸ்ஸில் முன்கதவால் நூறு பேர் ஏற, பின்கதவால் ஒருவர் ஒருவராக இறங்குவது போல. அமுக்கம் உச்சத்துக்கு ஏறி, காற்று போனபிறகு இறங்கும். அதே எடை சமையல் காஸை விட்டால் இப்படி ஆகாது. அதற்கு முன் எல்லோரும் தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீ இல்லாமலே சுவர் போகும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதனால் என்ன செய்தார்கள்? வால்வின் துவாரத்தைச் சிறிதாக்கி மெதுவாக விடலாமா என்று பார்த்தார்கள். ஆனால் மெதுவாக விட்டால் தீயில் இருக்கும் தாங்கி அவ்வளவு நேரம் தாங்கவேண்டும், ஆகவே தாங்கியின் தீத் தாங்கும் தன்மையைக் கூட்டவேண்டும். ஒன்றை இழுத்தால் மற்றது வருகிறது. வாகனம் செய்பவரும் தாங்கி செய்பவரும் கட்டிடம் கட்டுபவரும் தீயணைப்பவரும் ஒரே அறையில் இருக்காமல் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. 2019இல் இருந்து 2022 வரை சுரங்கப்பாதைகளுக்கும் மூடிய தரிப்பிடங்களுக்கும் என்றே ஹைடனல் என்ற ஐரோப்பியத் திட்டம் நடந்தது, அல்ஸ்டர்தான் தலைமை.

உங்கள் கட்டிடத்துக்கு வருவோம். போய் மேலே பாருங்கள், தரையை விடுங்கள். கூரையில் குறுக்கே உத்தரங்கள் ஓடுகின்றனவா? இரண்டு உத்தரத்துக்கு இடையில் காற்று அசையாத பெட்டி மாதிரி ஓர் இடம் இருக்கும், காஸுக்குத் தரை மூலை எப்படியோ ஐதரசனுக்கு அது அப்படி. காற்றை இழுக்கும் விசிறி இருக்கிறதா, ஓடுகிறதா? கொழும்பில் நான் பார்த்த பல கீழ்த்தளங்களில் விசிறி இருக்கிறது, மின்கட்டணத்துக்காக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஐதரசன் கார் இன்றைக்கோ நாளைக்கோ வரப்போவதில்லை. ஆனால் விசிறியை இன்றைக்கே ஓடவிடுங்கள், பெற்றோல் கார் எரிந்தாலும் புகை போகவேண்டும்.

மின்சாரக் காரை எதிர்ப்பவர்களுக்கு: அது வேறு விஷயம், வேறு தீ. இரண்டையும் ஒரே கூட்டத்தில் போட்டுக் குழப்பாதீர்கள்.

பஞ்சிகாவத்தையில் 22 வருடமாக வேலை. ஒரு காலத்தில் பெற்றோல் காரைக் காஸுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஜப்பானில் இருந்து பழைய ஐதரசன் கார் வந்தால் கையை வைக்கலாமா?
ஒரு மெக்கானிக்

அண்ணே, நேரே சொல்கிறேன், தாங்கியிலும் குழாயிலும் கை வைக்காதீர்கள். உங்கள் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காஸ் சிலிண்டரின் அமுக்கம் எங்கள் வெப்பத்தில் பத்து பார் (அமுக்கத்தின் அலகு) அளவில்தான். இது 700 பார். கார் டயரில் இருப்பதைப் போல 300 மடங்கு.

தாங்கியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். உள்ளே பிளாஸ்டிக் கூடு, வாயுவை அடைத்துவைக்க. அதற்கு மேல் காபன் நாரைப் பசையில் தோய்த்து, நூற்கண்டு சுற்றுவது போல் குறுக்கும் நெடுக்குமாக விரல் தடிப்புக்கும் மேல் சுற்றியிருப்பார்கள். அமுக்கத்தைத் தாங்குவது அந்த நார்தான். 2022 வரை இருந்த ஐரோப்பிய விதிப்படி வேலை அமுக்கத்தைப் போல 2.25 மடங்கு வரை உடையக்கூடாது, அதாவது 700 பார் தாங்கி 1575 பார் வரை நிற்கவேண்டியிருந்தது. உயரத்தில் இருந்து போட்டுப் பார்ப்பார்கள், தீக்குள் வைப்பார்கள், துப்பாக்கியால் சுட்டும் பார்ப்பார்கள். சுட்டால் துளை விழலாம், சிதறக்கூடாது.

ஆனால் அந்த நாரில் ஒரு குணம் இருக்கிறது. இரும்பு அடிபட்டால் நெளிந்து காட்டிக்கொடுக்கும். இது காட்டாது. சுத்தியல் தவறி ஒரு தட்டு விழுந்தாலும் வெளியே மினுமினுவென்று இருக்கும், உள்ளே படைகள் பிரிந்திருக்கும். உங்கள் கண்ணும் விரலும் எத்தனையோ வருடமாகக் கற்ற பாடம் இங்கே உதவாது.

அப்புறம் இன்னொன்று. இந்தக் கார்களில் நிரப்பும் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு திகதி ஒட்டியிருக்கும், அதற்குப் பிறகு நிரப்பக்கூடாது என்று. பொதுவாக செய்த நாளில் இருந்து 15 வருடம். டொயோட்டாவின் மிராய் என்ற ஐதரசன் கார் 2014 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, ஆகவே முதல் கார்களின் தாங்கிகளுக்கு 2029இல் காலம் முடியும். மலிவாக ஒன்று வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அந்த மூடியைத் திறந்து பாருங்கள். அதுவரை பிரேக், சஸ்பென்ஷன், ஏசி எல்லாம் எந்தக் காரையும் போலத்தான், தாராளமாகச் செய்யுங்கள்.

காஸுக்கு மணம் சேர்ப்பது போல இதற்கும் சேர்த்தால் என்ன?
ஓர் இல்லத்தரசி, கொட்டாஞ்சேனை

நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். காஸில் வருகிற கெட்ட மணம் எதைல் மேர்கப்டன், 2021இல் பத்திரிகைகளில் எல்லாம் அடிபட்ட பெயர். அதில் கந்தகம் இருக்கிறது. கந்தகம் எரிகலத்தில் உள்ள பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். ஆகவே கார் ஐதரசன் மிகவும் சுத்தமாக இருந்தாக வேண்டும், மணம் இல்லாமல், நிறம் இல்லாமல். மூக்குக்குப் பதிலாகக் காரில் உணரிகள் வைத்திருக்கிறார்கள். கசிவை உணர்ந்தால் தாங்கியின் வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

மகன் தீயணைப்புப் படையில் சேர்ந்திருக்கிறான். ஐதரசன் தீ கண்ணுக்குத் தெரியாதாமே, உண்மையா?
ஒரு தந்தை, தெமட்டகொடை

பகல் வெளிச்சத்தில் ஏறக்குறைய தெரியாது, உண்மைதான். வெக்கையும் பெற்றோல் தீ அளவு தூரத்துக்கு வீசாது, ஆகவே கிட்டப் போகும்வரை உடம்புக்கும் தெரியாது. ஐதரசனோடு வேலை செய்த பழையவர்கள் ஒரு தும்புத்தடியை முன்னால் நீட்டிக்கொண்டு மெதுவாக நடப்பார்கள், அதன் நுனி பற்றினால் அங்கே தீ இருக்கிறது என்று அறிந்து நிற்பார்கள். இப்போது வெப்பக் கமரா இருக்கிறது.

பிரான்சில் எக்ஸ்-ஒன்-புரொவன்ஸ் என்ற நகரத்தில் தீயணைப்பு அதிகாரிகளின் தேசியக் கல்லூரி இருக்கிறது. 2013இல் இருந்து 2016 வரை ஹைரெஸ்பொன்ஸ் என்ற திட்டத்தில் ஐரோப்பியத் தீயணைப்பாளர்களை அங்கே கூப்பிட்டு, மாதிரிக் காரும் மாதிரி நிலையமும் வைத்து, உண்மையான ஐதரசன் தீயைக் காட்டிப் பழக்கினார்கள். 2020இல் தொடங்கிய அடுத்த திட்டத்தில் பயிற்றுநர்களையே பயிற்றினார்கள், அவர்கள் தங்கள் நாட்டுக்குப் போய்த் தங்கள் மொழியில் சொல்லிக்கொடுக்க. அந்தப் பாடங்களை மகன் இணையத்தில் தேடிப் படிக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் யாராவது அதைக் கொண்டுவந்தால் நான் முதல் ஆளாக இந்தப் பக்கத்தில் எழுதுவேன்.

138ஆம் இலக்க பஸ்ஸில் தினமும் புகை குடிக்கிறேன். கொழும்புக்கு ஐதரசன் பஸ் வராதா?
ஓர் எழுதுவினைஞர், மஹரகம

உங்கள் நெஞ்சு வலி எனக்கும் தெரியும். ஐரோப்பா இதை நன்றாகவே செய்து பார்த்தது. 2003இல் இருந்து அம்ஸ்டர்டாம், பார்சிலோனா, ஹம்பேர்க், லண்டன், லக்சம்பேர்க், மட்றிட், போர்ட்டோ, ஸ்டொக்ஹோம், ஸ்டுட்கார்ட் என்ற ஒன்பது நகரங்களில் நகரத்துக்கு மூன்றாக 27 பஸ் ஓடின. தாங்கிகள் கூரையில், 350 பார். கசிந்தாலும் மேலேயே போய்விடும், பயணிகள் கீழே. பஸ்கள் நினைத்ததை விட நன்றாக ஓடின, தொல்லை கொடுத்தது பெரும்பாலும் நிரப்பும் நிலையம்தான்.

ஆனால் காசு? பிரான்சின் மொன்பெலியே நகரம் 51 ஐதரசன் பஸ் வாங்கத் திட்டமிட்டு, 2022 ஜனவரியில் கைவிட்டது. ஐதரசனில் ஓட கிலோமீற்றருக்கு 95 யூரோ சதம், மின்சாரத்தில் 15 சதம் என்று கணக்கு வந்தது. ஆறு மடங்கு. பாதுகாப்பில் குறை சொல்லி அவர்கள் விடவில்லை, கணக்கில் விட்டார்கள். எங்களுக்கு மின்சார பஸ்தான் முதலில் வரவேண்டும், 138க்கு அதுவே போதும். ஐதரசனை நீண்ட தூரப் பார ஊர்திக்கு வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவும் இப்போது அந்தப் பக்கம்தான் சாய்கிறது: 2030க்குள் முக்கிய நெடுஞ்சாலைகளில் 200 கிலோமீற்றருக்கு ஒரு நிலையம் என்று 2023இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஸ்டெலண்டிஸ் போன்ற பெரிய வாகனக் கம்பனி 2025 ஜூலையில் தன் ஐதரசன் வான் திட்டத்தையே நிறுத்திவிட்டது. இதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும்.

வாகன இறக்குமதி திறந்துவிட்டார்கள். மின்சாரக் கார் வாங்குவதா, ஐதரசன் வரும்வரை காத்திருப்பதா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், வத்தளை

காத்திருக்காதீர்கள் சேர். 100 அலகு மின்சாரத்தைப் பற்றரியில் போட்டால் 70க்கு மேல் சக்கரத்துக்குப் போகும். அதே மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஐதரசனாக்கி, அமுக்கி, திரும்ப மின்சாரமாக்கினால் 30 அளவில்தான் சேரும். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு படுத்தவர்கள் நாங்கள், கொழும்பில் ஐதரசன் நிரப்ப ஓர் இடமும் இல்லாதபோது அதற்கு வரிசைகூட இருக்காது.

தண்ணீரில் ஓடும் கார் என்று ஒரு வீடியோ வந்தது, உண்மையா?
பெயர் எழுதாதவர், கிராண்ட்பாஸ்

இல்லை. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஐதரசன், அடுப்பில் மிஞ்சிய சாம்பல் மாதிரி. சாம்பலை யாரும் திரும்ப எரிக்க முடியாது. காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஐதரசன் காரின் புகைக்குழாயால் என்ன வரும்? அதைக் குடிக்கலாமா?
8ஆம் வகுப்பு மாணவி, கொள்ளுப்பிட்டி

தண்ணீர் வரும் மகள். ஒரு கிலோ ஐதரசனுக்கு ஏறக்குறைய 9 லீற்றர், அதில் கார் 100 கிலோமீற்றர் அளவு ஓடும். தண்ணீர் சுத்தமாகத்தான் உருவாகிறது, ஆனால் குழாய் வழியாக வருவதால் குடிக்க வேண்டாம், பூச்செடிக்கு ஊற்றலாம். முதலில் வந்த மிராய் காரில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது, அதில் தண்ணீரின் இரசாயனக் குறியீட்டையே எழுதியிருக்கிறார்கள். வீட்டு வாசலில் நிறுத்தி அதை அழுத்தினால் சேர்ந்திருக்கும் தண்ணீர் எல்லாம் ஒரே முறையில் கொட்டிவிடும், பிறகு கராஜுக்குள் ஓட்டிப் போனால் தரை நனையாது.